தோட்டத்துக்குப் போன முதல் தலைமுறை எப்படி வாழ்ந்தது?

உங்கள் பாட்டியின் பாட்டனார் 1880-களில் திருச்சிப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து இலங்கை மலைநாட்டுத் தோட்டத்துக்குப் போனவர் என்றும், அங்கே குடியேறிய முதல் தலைமுறையினர் எங்கே படுத்தார்கள், என்ன உண்டார்கள், கையில் காசு நின்றதா, ஊரோடு உறவு தொடர்ந்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் பற்றி எழுதியவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒரு நாள் எப்படி விடிந்து எப்படி அடைந்தது என்று சொல்பவர்தான் இல்லை என்பது உங்கள் குறை என நினைக்கிறேன். நான் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக முதியவர்களின் வாய்மொழியைக் கேட்டு எழுதியும், கிடைத்த செக்ரோல் புத்தகங்களை (தொழிலாளரின் வேலை நாளையும் சம்பளத்தையும் பதிந்த ஏடுகள்) புரட்டியும் வந்திருக்கிறேன். ஆனால் நான் பேசிய மிக மூத்தவர்கூட 1900-களின் தொடக்கத்தில் பிறந்தவர்தான். ஆகவே அதற்கு முந்திய காலத்தைப் பற்றி நான் சொல்வது ஆவணங்களின் வழியாகவும், 'எங்க தாத்தா சொல்லுவாரு' என்று தொடங்கும் பேச்சுகளின் வழியாகவும் வந்தது என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலில் 'குடியேறிய' என்ற சொல்லைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும். உங்கள் பாட்டனாரிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவர் மறுத்திருப்பார். அவர் பிழைக்கப் போனார். திரும்பி வரத்தான் போனார். 1820-களில் கம்பளைக்கு அருகே தொடங்கி 1840-களில் பெருகிய கோப்பி (காபி) தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது பெரும்பாலும் பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான். ஆண்கள் கூட்டமாக வந்து, அறுவடை முடிந்ததும் கணக்குத் தீர்த்து, கணிசமானோர் ஊருக்குத் திரும்பினார்கள். 1869-இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது; அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் கோப்பி சரிந்து அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. 1875-இல் ஏறக்குறைய 1,000 ஏக்கரில் இருந்த தேயிலை, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 4 லட்சம் ஏக்கரை நெருங்கிவிட்டது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. கொழுந்தை ஒரு வாரம், பத்து நாளுக்கு ஒரு முறை ஆண்டு முழுவதும் எடுத்தாக வேண்டும். எடுப்பதற்குப் பெண்களின் கை வேண்டும், பெண்கள் வந்தால் பிள்ளைகளும் வருவார்கள். இப்படித்தான் போய்வந்த ஆண்களின் கூட்டம் தங்கிவிட்ட குடும்பங்களாக மாறியது. குடியேற வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் மிகச் சிலர். அந்தச் செடியின் வேலைமுறைதான் அவர்களைக் குடியேற்றியது என்பது என் கருத்து. உங்கள் பாட்டனார் போன காலம் சரியாக இந்தத் திருப்பத்தில் விழுகிறது.

அவர் எப்படிப் போயிருப்பார்? இராமேசுவரம், பாம்பன், தொண்டிப் பக்கத்திலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்திருக்கலாம். ஏறத்தாழ 150 மைல். தண்ணீர் அரிது, காய்ச்சலும் வாந்திபேதியும் தாராளம். மாத்தளைக்கு 1880-இலும் ஹட்டனுக்கு 1884-இலும் ரயில் வந்துவிட்டாலும், இந்த வழியில் வந்தவருக்கு அவை காட்டைக் கடந்த பிறகுதான் பயன்பட்டன. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்பு போகும் வழியும் அப்போது இருந்தது. 1890-களின் இறுதியில் கொள்ளைநோய் அச்சத்தால் மன்னார் வழியான வடபாதை மூடப்பட்ட பின்னர் அதுவே முதன்மையானது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 1914-இல் தொடங்கிய கப்பலும், போகிறவர்களைத் தங்கவைத்துச் சோதித்த மண்டபம் முகாமும் அடுத்த தலைமுறையின் கதை. இந்த நடையில் இறந்தவர்களைப் பற்றிப் படிக்கும்போது மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். 1840-களில் வந்தவர்களில் 70,000 பேர் மாண்டார்கள் என்று 1849-இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று எழுதியது. அந்த எண் இன்றுவரை திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. வந்தவர் எண்ணிக்கையிலிருந்து திரும்பியவர் எண்ணிக்கையைக் கழித்து இப்படியான எண்களுக்கு வந்தார்கள். ஆனால் திரும்பிப் போனவர்களை யாரும் ஒழுங்காக எண்ணவில்லை என்று பின்வந்த ஆய்வாளர் சிலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். பாதையோரம் பிணங்கள் கிடந்தன என்பதற்கு அக்காலத்தவர் பலர் சாட்சி சொல்கிறார்கள். அந்த எண்ணுக்கு அப்படிப்பட்ட உறுதி இல்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்தப் பாதையின் முடிவில் நிற்பது வெறும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதலில் கும்பிட விரும்பிய தெய்வம் அம்மை நோயைத் தரவும் தணிக்கவும் வல்ல தெய்வமாக இருந்தது இயல்பே.

தோட்டத்தில் அவருக்குக் கிடைத்தது லயத்தில் ஒரு காம்பரா, அதாவது வரிசை வீட்டில் ஓர் அறை. நீளமாக ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு அறைகள். சில லயங்களில் முதுகோடு முதுகு ஒட்டியபடி இரண்டு வரிசை. அறை பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. தொடக்க காலத்தில் மண் சுவரும் மானாப் புல்லுமாக இருந்த கூரை பிறகு தகரமானது. தகரத்தில் மழை விழுந்தால் உள்ளே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ஜன்னல் இல்லாத அறைகளே அதிகம். முன்னால் இஸ்தோப்பு என்ற சிறு திண்ணை. அதன் ஒரு மூலையில் அடுப்பு, மழைக் காற்று அடித்தால் அடுப்பு உள்ளே போகும், புகையும் உள்ளே போகும். நான் ஆசிரியனாக இருந்த தோட்டத்தின் பழைய லயமொன்றில் சுவரின் மேற்பாதி முழுவதும் தார் பூசியது போலப் பளபளத்தது. சுரண்டிப் பார்த்தபோது நகக்கண்ணில் ஏறியது பல தலைமுறையின் அடுப்புக் கரி. புகை குளிருக்கு இதம் என்றும் ஈர விறகைக் காயவைக்கும் என்றும் அங்கிருந்த பாட்டி சொன்னார். கண் எரிச்சலைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் சொன்னார். ஓர் அறையில் ஒரு குடும்பம் என்பது கணக்கு. கணவனும் மனைவியும் பிள்ளைகளும் தாய் தகப்பனும் சில வேளை மணமாகாத தம்பியும் அங்கேதான் இருந்தார்கள். ஆண்கள் இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திப் படுத்துக்கொள்வார்கள்.

அந்தக் கம்பளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கறுப்பு நிறத்தில் தடித்த முரட்டுக் கம்பளி. புதிதாக வந்தவருக்குத் தோட்டம் அதைக் கொடுத்து, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். இரவில் அது படுக்கை. பகலில் தலையிலிருந்து முதுகு வரை தொங்கவிட்டால் மழைக்குக் கவசம். கொழுந்துக் கூடையின் கயிறு தலையை அறுக்காமல் இருக்க அடியில் மடித்து வைப்பதும் அதுதான். சமவெளி வெயிலில் ஒற்றை வேட்டியோடு வாழ்ந்த ஒருவர் நுவரெலியாப் பக்கத்துப் பனியில் முதல் மாதத்தைக் கடந்தது அதனால்தான். அதைப் பெற்ற அன்றே அவர் தோட்டத்துக்குக் கடன்பட்டவரும் ஆனார்.

நாள் தப்பு என்ற பறையின் சத்தத்தில் விடியும். இருட்டிலேயே தப்படித்து எழுப்புவார்கள். சில தோட்டங்களில் கொம்பு ஊதினார்கள். பெண்ணுக்கு அதற்கு முன்பே விடிந்துவிடும்: பீலியில் (மலைநீர் விழும் குழாயில்) தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, நேற்றைய சோற்றைப் பகிர்ந்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் எல்லாரும் வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை பெயரை வாசிப்பார், துரை (தோட்டத்தை நடத்தும் வெள்ளையர்) வேலையைப் பிரிப்பார். ஆண்களுக்குக் கவ்வாத்து (செடியை வெட்டிக் கழித்தல்), கான் (வடிகால்) வெட்டு, முள்ளுக் குத்து (முள்ளால் மண்ணைக் கிளறுதல்). பெண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் கொழுந்து. பிரட்டுக்குப் பிந்தி வந்தால் திருப்பி அனுப்பப்படுவார்கள், அன்றைய பேர் போய்விடும். 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். இன்றுவரை மலையகத்தில் 'இந்த மாசம் எத்தனை பேர்?' என்று கேட்டால் ஆள் கணக்கல்ல, நாள் கணக்கு. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர் விழும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசின் முன் நிற்கும் நேரம்தான் நாளின் மிகக் கடினமான நேரம் என்று பல மூதாட்டிகள் என்னிடம் சொன்னார்கள். கூடையின் எடைக்கும் ஈரத்துக்கும் எனக் கழிக்கப்படுவது எவ்வளவு என்பது நிறுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் ஒரு வயதான பெண் பார்த்துக்கொள்வார். அந்த வசதி இல்லாத இடங்களில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏணை கட்டித் தூங்கவைத்தார்கள்.

காசைப் பற்றிக் கேட்டீர்கள். செக்ரோலின் ஒரு பக்கத்தை முன்னால் வைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கும். இடப்பக்கம் பெயர், நடுவே மாதத்தின் நாள்களுக்கான சிறு கட்டங்களில் ஒன்று, அரை, வெற்றிடம், வலப்பக்கம் கழிவுகள் - அரிசி, கம்பளி, முற்பணம், சலவைக்காரர், நாவிதர், கோயில். கடைசிக் கட்டம் கையில் கொடுத்தது. பல பெயர்களுக்கு எதிரே அது வெறுமையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அரிசியைத் தோட்டமே இறக்குமதி செய்து நிர்ணயித்த விலைக்குப் போட்டது. ஆகவே சம்பளத்தின் பெரும்பகுதி காசாக மாறாமலே சோறாக மாறியது. சம்பளமும் நேரத்துக்கு வரவில்லை. மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 1889-இல் ஒரு சட்டம் கொண்டுவர நேர்ந்தது என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கூலி உண்மையில் எவ்வளவு என்பதற்குப் பிற்காலத்து அளவுகோல் ஒன்று இருக்கிறது: குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927-இல் வந்து, 1929-இல் மலைநாட்டுத் தோட்டங்களில் நாளுக்கு ஆணுக்கு 54 சதமும் (ரூபாயில் நூறில் ஒரு பங்கு ஒரு சதம்) பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைகளுக்கு 32 சதமும் என்று நிர்ணயிக்கப்பட்டது. தோட்டத்துக்கு வருமானம் தந்த கொழுந்தை எடுத்த கைக்குக் குறைந்த விலை என்பதைக் கவனியுங்கள்.

கடன் கங்காணியின், அதாவது ஊரில் ஆள் திரட்டிக் கூட்டிவந்து தோட்டத்தில் மேற்பார்த்தவரின் வழியாக வந்தது. வழிச்செலவு, ஊரில் அடைக்க வேண்டிய பழங்கடன், வீட்டில் விட்டுவந்தவர்களுக்கான அரிசிக் காசு எல்லாம் முற்பணமாகத் தரப்பட்டு அவர் கணக்கில் ஏறும். கங்காணிக்கு அந்தப் பணம் தோட்டத்திடமிருந்தோ வட்டிக்குக் கொடுக்கும் செட்டியாரிடமிருந்தோ வந்தது. தன் ஆள்கள் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்காசு அவருக்கு உண்டு என்பதால், காய்ச்சலில் கிடப்பவரை எழுப்பி அனுப்புவதில் அவருக்கு நேரடி இலாபம் இருந்தது. ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால் துரை ஒரு சீட்டு எழுதித் தருவார்: இந்தக் கடனைக் கட்டுபவர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம். அதன் பெயர் துண்டு. துண்டில்லாமல் எங்கும் வேலை கிடையாது. முன்னறிவிப்பின்றி ஓடினால் 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணியை முழு வில்லனாகக் காட்டுவது இப்போது வழக்கம். நான் கேட்ட கதைகளில் அவர் அவ்வளவு எளியவராக இல்லை. பலருக்கு அவர் மாமன் முறையோ பங்காளி முறையோ ஆனவர். பிள்ளைக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான், சாவுக்குக் காசு கொடுத்தவரும் அவர்தான், அந்தக் காசை மூன்று தலைமுறைக்கு வசூலித்தவரும் அவர்தான்.

உணவில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். இன்று மலையக உணவு என்றால் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் நினைவுக்கு வருகின்றன. அது பரவலானது இரண்டாம் உலகப் போர்க்கால அரிசிப் பங்கீட்டின்போது. உங்கள் பாட்டனார் காலத்தில் காலையில் பழஞ்சோறு, இரவில் சோறு, பருப்பு அல்லது கருவாட்டுக் குழம்பு. லயத்தின் ஓரத்தில் விளைந்த கீரையும் பூசணியும் கிடைத்தால் நல்ல நாள். ஊரில் கம்பும் கேழ்வரகும் உண்டவர்களுக்கு நாள்தோறும் அரிசிச் சோறு என்பது ஓர் உயர்வாகவே தோன்றியது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆள் பிடிக்க வந்த கங்காணி சொன்ன வாக்குறுதிகளில் ஓரளவுக்கேனும் நிறைவேறியது இதுதான். நோயில் முதலிடம் கொக்கிப்புழுவுக்கு. செருப்பில்லாத கால், கழிப்பறை இல்லாத லயம், ஓயாத ஈரம் - புழுவுக்கு வேறென்ன வேண்டும்? வெளுத்த முகமும் மூச்சிரைப்புமாக இருந்தவர்களைச் சோம்பேறிகள் என்று துரைமார் எழுதிவைத்த குறிப்புகள் உண்டு. 1916 வாக்கில் ராக்பெல்லர் அறக்கட்டளை தோட்டங்களில் புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கியபோதுதான் அது சோம்பல் அல்ல, இரத்தம் இல்லாமை என்று பலருக்குத் தெரியவந்தது.

சாதி கடலைக் கடந்ததா என்று பலர் கேட்பார்கள். கடந்தது. போனவர்களில் பெரும்பகுதியினர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். பெரிய கங்காணிகளில் மேல்சாதியினரின் பங்கு அவர்கள் எண்ணிக்கையைவிட அதிகம். லயங்களும் சாதிவாரியாகவே பிரிந்தன. ஆனால் எல்லாரும் ஒரே பிரட்டில் நின்று ஒரே தராசில் நிறுத்தபோது சில விதிகள் தளர்ந்தன. திருமணத்தில் அந்தத் தளர்ச்சி அவ்வளவாக எட்டவில்லை. தெய்வங்களோ கடந்து வந்ததோடு நிற்காமல் வேலையும் கற்றுக்கொண்டன. மாரியம்மனும் முனியாண்டியும் ஊரிலிருந்து வந்தார்கள். கவ்வாத்துக் கத்தி காலை வெட்டாமல் காக்கக் கவ்வாத்துச்சாமியும், தொழிற்சாலை இயந்திரத்தைக் காக்க ரோதைமுனியும் தோட்டத்திலேயே பிறந்தார்கள். மாசி மாதக் காமன் கூத்தில் லயமே மேடையானது. பகலெல்லாம் கான் வெட்டியவர் அன்றிரவு மன்மதன்.

ஊரோடு உறவு எவ்வளவு காலம் நின்றது என்பதற்கு ஒரே விடை இல்லை. முதல் தலைமுறையினர் காசு சேர்ந்தால் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்தார்கள். எழுதத் தெரிந்த கணக்கப்பிள்ளை கடிதம் எழுதிக் கொடுத்தார், பணம் அஞ்சலில் போனது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு ஊர் என்பது அப்பா சொல்லும் ஓர் இடம். 1911 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் தனியாக எண்ணப்பட்டபோது ஏறத்தாழ 5,30,000 பேர் இருந்தார்கள். 1928-இல், இலங்கையின் ஆட்சிமுறையைச் சீர்திருத்தப் பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு அவர்களில் 40 முதல் 50 சதவீதத்தினர் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்கள் என்று மதிப்பிட்டது. இந்த மதிப்பீட்டை நான் கொஞ்சம் ஐயத்தோடுதான் பார்க்கிறேன்: வாக்குரிமை யாருக்கு என்ற சச்சரவின் நடுவே சொல்லப்பட்ட எண் அது. மேலும் பத்தாண்டுக்கு ஒருமுறை ஊர் போய்வரும் ஒருவரை எந்தப் பக்கம் சேர்ப்பது? தங்கியவர் யார், வந்து போகிறவர் யார் என்ற இதே கேள்விதான் 1948 குடியுரிமைச் சட்டத்தில் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டதும் அதன் தொடர்ச்சியே.

உங்கள் பாட்டனாரைத் தேட விரும்பினால் ஒன்று சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் மொரிசியசுக்கும் போனவர்களுக்கு ஒப்பந்தம் இருந்தது. கப்பல்வாரியாக எண்ணிட்டு, தகப்பன் பெயரும் கிராமமும் உடல் அடையாளமும்கூட எழுதிவைத்த பட்டியல்கள் இருக்கின்றன. இலங்கைக்குப் போனவர்கள் கங்காணியின் பின்னால் போனவர்கள். அவர்களுக்கு அத்தகைய பட்டியல் இல்லை. ஆகவே ஆவணக்காப்பகத்தில் அவர் பெயரைத் தேடுவதற்கு முன் பாட்டியிடம் மூன்றைக் கேளுங்கள்: தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், திருவிழா எடுத்த கோயிலின் பெயர். தோட்டத்தின் பெயரை அவர் எப்படி உச்சரிக்கிறாரோ அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். தொழிலாளர் தோட்டங்களுக்கு வைத்த தமிழ்ப் பெயர்கள் வேறு, பதிவேட்டிலுள்ள ஆங்கிலப் பெயர்கள் வேறு. காதில் விழுந்தபடி எழுதித் தந்தால் மலையகத்தில் யாராவது ஒரு பெரியவர் அது எந்த மலை என்று சொல்லிவிடுவார்.